முகம் பார்க்காத கண்ணாடி

முதுகில் வட்டு விலகி, அசையக் கூடாதென்று பெல்ட் கட்டி என்னைக் கிடத்தியிருந்த வார்டில், அடுத்த கட்டில் அவருடையது. காரோடு ஊர்க்காரர். பலாமரத்திலிருந்து விழுந்தவர். வெயிலில் கறுத்த அகன்ற தோள்கள். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் சூம்பிப்போன கால்கள். மல்லாந்து கிடந்தபடியே சவரக் கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அடிக்கடி தன் பாதங்களைப் பார்ப்பார். எறும்பு கடித்தாலும் தெரியாதே. அந்தக் கண்ணாடியில் அவர் முகம் பார்த்து நான் கண்டதில்லை.

ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் அவருடைய சிநேகிதர், ஊர்ப் பேச்சில் கூட்டுக்காரர், வருவார். “நானாக்கும் இவனத் தூக்கி ஓட்டோவுல இருத்திக் கொண்டுவந்தது. இல்லேன்னா ஆளு போயிருக்கும்” என்று வார்டுக்கே கேட்கும்படி சொல்வார்.

அவர் போனபின் ஒருநாள், “முதுகு ஒடிஞ்சவரப் படுக்க வைக்காம இருத்தியா கொண்டுவந்தாரு?” என்று கேட்டுவிட்டேன்.

“விழுந்ததுல எலும்புதான் ஒடிஞ்சுது. தூக்கி இருத்தினதுலதான் உள்ள தண்டுவடம் நசுங்கிச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அவன்கிட்ட இதப் பத்தி மிண்டிராதீங்க சாரே. இப்பிடிக் கிடக்கதுக்கு நான் ஒருத்தன் போதும்.”

அடுத்த ஞாயிறு கூட்டுக்காரர் குனிந்து ஒரு பாதத்தை மடியில் வைத்துத் தைலம் தேய்த்தார்.

“நான் தேய்க்கது வல்லதும் தெரியுதா மக்கா?”

“தெரியுதுலே. வலது காலுதானே?”

கூட்டுக்காரரின் கண் நிறைந்துவிட்டது. மல்லாந்து கிடந்தவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்த கண்ணாடியை அவர் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியாமல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.