வாசல் தொட்டித் தண்ணீர்

மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். ஏழாயிரம்பண்ணைக் கரட்டில் கையூன்றிப் பட்டாசு ஆலை எழுப்பினேன். இன்றுவரை அங்கே ஒருத்தர் விரல் கருகியதில்லை. காரணம் தண்ணீர். ஒவ்வொரு வெடிமருந்து அறை வாசலிலும் சிமெண்டுத் தொட்டி, தளும்பத் தளும்ப நிற்கும். குறைந்தால் மேலே ஊற்றுவோமே தவிர, அதைக் காலி செய்யும் பேச்சே கிடையாது. தொட்டி வறண்டிருந்தால் எங்கள் ஆட்கள் அறைக்குள் காலெடுத்து வைக்க மாட்டார்கள். அப்படிப் பழக்கியவன் நான்தான்.

போன வருஷம் புரட்டாசியில் நல்ல மழை. தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. பெட்டி கட்டும் பெண்களுக்கு மேற்பார்வை என் மனைவிதான். அவள் காய்ச்சலில் சாய்ந்தாள். விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். ரத்தத்தில் பிளேட்லெட் என்கிற தட்டணு இறங்கிக்கொண்டே போனது.

"எங்க வீட்டுல எல்லாரும் கொசுவலைக்குள்ளதான் படுப்போம்" என்றேன் டாக்டரம்மாவிடம், விறைப்பாக.

"இது பகல்ல கடிக்கிற கொசுங்க ஐயா. சுத்தமான தண்ணியில வளரும். எத்தனையோ நாட்டுல இதே பாடுதான்."

பகலில் அவள் இருப்பது என் ஆலையில்.

மறுநாளே சுகாதாரத் துறையிலிருந்து கொசு ஒழிப்புக்கு வரும் பெண் ஆலைக்கு வந்து, தொட்டிக்குள் டார்ச் அடித்தாள். "புழு நெளியுது அண்ணாச்சி. அம்புட்டையும் கொட்டுங்க."

குறுக்கே போய் நின்றேன். "தொட்டியத் தொட்டா, கெட்ட கோவம் வரும் தாயி. பொறி விழுந்தா நீ வந்து துப்பியா அணைப்ப?"

"என் எச்சி பத்தாது அண்ணாச்சி. ஆனா ஆஸ்பத்திரியில கெடக்கது ஒங்க வீட்டம்மா."

வழியை விட்டு விலகினேன். ஆனாலும் தொட்டியை வறள விடச் சம்மதிக்கவில்லை. தீயும் தின்னக் கூடாது, கொசுவும் தின்னக் கூடாது. என் ஆலையில் இரண்டுக்கும் இடமில்லை என்றேன். ஒரு அறையில் வேலையை நிறுத்தி, ஆட்களை வெளியேற்றிப் பூட்டினோம். தொட்டியை ஒட்ட இறைத்தோம். முட்டை சுவரில் ஒட்டிக்கிடக்கும் என்று அந்தப் பெண் சொன்னதால், தேங்காய் நார் போட்டு நானே தேய்த்தேன். புதுத் தண்ணீர் நிரம்பிய பிறகுதான் பூட்டைத் திறந்தோம். அப்புறம் அடுத்த அறை. வாரம் தவறாமல் இதுதான் முறை என்று சொல்லிவிட்டேன். லோடு தாமதமானது. ஏஜெண்டுகள் போனில் கத்தினார்கள். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

தட்டணு ஏறியது. வற்றிப்போன உடம்போடு அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

தீபாவளி முடிந்தும் நான் தொட்டி தேய்ப்பதைப் பார்த்துப் பக்கத்து ஆலைக்காரன் சிரித்தான். "அதான் மதினி நல்லாயிட்டாகள்ல அண்ணாச்சி? இன்னும் எதுக்கு இந்தக் கூத்து?"

"ரெண்டாந்தடவ வந்தா இன்னும் மோசமாகும்னு டாக்டரம்மா சொல்லிருக்காக. திங்கக்கெழமையிலருந்து அவ இங்கனதாம்லே ஒக்காரப் போறா. சிரிச்சது போதும், அந்த வாளிய எடு."