ஒற்றுத்தாளில் சுற்றிய கத்தி

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கத்திக் கடையில் சேர்ந்த முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்.

"ஸ்கூல் பைனல் பாஸ் பண்ணவன்னு சேர்த்துக்கறேன். தை வரைக்கும் பார்ப்பேன். ஒரு கத்தி புகாரோட திரும்பி வந்தா, நீயும் வீட்டுக்குத் திரும்பிடலாம்."

மடக்குக் கத்தியில் என்ன பெரிய வித்தை? குச்சியில் துணி சுற்றிக் கீலில் இருக்கும் அழுக்கை எடுக்க வேண்டும். மிஷின் ஆயில் விட்டுப் பத்துத் தரம் திறந்து மூட வேண்டும். ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன்.

ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "கபாலி இல்லையா?" என்றார்கள். கபாலி எனக்கு முன்பே கடையில் இருந்தவன், சிந்தாதிரிப்பேட்டைக்காரன். என் வயதுதான். கையெழுத்துப் போடத் தெரியாது. "நான் செய்கிறேன் சார்" என்றால், "பரவாயில்லை, அவன் வரட்டும்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

எந்தக் கத்தி வந்தாலும் அவன் கேட்பது ஒன்றுதான்: "இத்த வச்சி இன்னா பண்ணுவீங்க?" மீன்காரர் கத்தி என்றால் எண்ணெய் சொட்டச் சொட்டக் கொடுப்பான். வக்கீல்களின் பேனாக்கத்தி என்றால், எண்ணெய் விட்டு, மசி உறிஞ்சும் ஒற்றுத்தாளில் சுற்றி, மேலே ஒரு கல்லையும் வைத்துவிடுவான்.

"நீயே ஊத்தி நீயே உறிஞ்சறியே, இது என்னடா வேலை?" என்று சிரித்தேன்.

"படிச்ச ஆளு நீ. கேட்டா சொல்றேன் நைனா."

அவனிடம் போய்க் கேட்பதா? கேட்கவில்லை.

ஒரு நாள் அவன் சாப்பிடப் போயிருந்தபோது, ஒரு வக்கீலின் குமாஸ்தா தந்தப் பிடி போட்ட பேனாக்கத்தி கொண்டுவந்தார். அவசரமாம். கபாலி கத்தியைவிட வழுக்கிக்கொண்டு திறக்க வேண்டும் என்று மூன்று சொட்டு விட்டேன். மேலாகத் துடைத்துக் கொடுத்தேன். குமாஸ்தா திறந்து பார்த்து, "பேஷ்!" என்றார். கபாலி காதில் அது விழவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

நான்காம் நாள் வக்கீலே வந்து நின்றார். கையில் ஒரு காகிதம்.

"கோர்ட்டுக்குப் போற பிராதுல தப்பா விழுந்த ஒரு எழுத்தை இந்தக் கத்தியால சுரண்டினேன் ஓய். கீல்லேர்ந்து எண்ணெய் வழிஞ்சு ஊறிடுத்து. இப்போ மசியே பிடிக்கமாட்டேங்கறது. பூரா மறுபடி எழுதிண்டு உக்காரணும். யார் பண்ணின வேலை?"

கபாலி எழுந்தான்.

"நான்தான் சாமி. ஒத்தாம உட்டுட்டேன்."

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? போடா! உன் கையில எண்ணெய் மிஞ்சினதா சரித்திரமே இல்ல." அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நான்தான்" என்றேன்.

வேலை போகவில்லை. கபாலி கெஞ்சியதில் முதலாளி இறங்கி வந்தார். ஆனால் அன்றிலிருந்து நான் எண்ணெய் விடும் கத்தி ஒவ்வொன்றையும் அவன் பார்த்த பிறகுதான் வெளியே அனுப்ப வேண்டும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கத்தி எதற்கு என்று முதலில் கேளுங்கள். காகிதத்தைத் தொடும் கத்தி என்றால் ஒரு சொட்டுப் போதும், அதையும் ஒற்றி எடுங்கள். தெரியாததைப் பக்கத்தில் இருப்பவனிடம் கேளுங்கள். நான் கேட்காமல் கெட்டேன்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. தான்தான் தப்புச் செய்ததாக அவனே சொல்லியும் நம்ப ஆளில்லை. என் கையைப் பற்றி யாராவது ஒரு நாள் அப்படி அடித்துச் சொல்ல வேண்டும். அதுவரை எனக்கு வயிறு எரியத்தான் செய்யும்.