கூவின பெட்டை

எண்பத்தாறாம் ஆண்டுச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பனிச்சங்கேணியிலிருந்து கோணாமலையைக் கொண்டுபோனார்கள். போகிற போக்கில் ஊரிலிருந்த சேவல்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். சேவல்கள் திரும்பாது என்று எல்லாருக்கும் தெரியும். கோணாமலையைப் பற்றித்தான் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

அவன் பெண்சாதி இலட்சுமிப்பிள்ளை நாலு நாள் அழுதாள். மறுகா வலையைத் தூக்கிக்கொண்டு வாவிக்குள் இறங்கினாள். வயிறு சும்மா இருக்குமா?

அவன் போன ஆறாம் மாசம் அவளுடைய கிழட்டுப் பெட்டைக்கோழி முட்டையை நிறுத்தியது. கொண்டை தடித்துச் சிவந்தது. மற்றப் பெட்டைகளை அதட்டி மேய்த்தது. ஒருநாள் விடியப்புறம் வேலியில் ஏறிக் கூவியது. தொண்டை கட்டின கூவல்தான், ஆனாலும் கூவல்.

பெட்டை கூவினால் வீட்டு ஆம்பிளைக்கு ஆகாது, உடனே அறுத்துவிட வேண்டும். அது ஊர் வழக்கம். பக்கத்து வளவுச் சீதேவிப்பிள்ளை கத்தியோடு ஓடிவந்தாள்.

"என்ன கா பாத்துக்கொண்டு நிக்காய்? உன்ட மனிசன் உசிரோட வரவேணாமா?"

இலட்சுமிப்பிள்ளை கோழியைப் பிடிக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து, மாட்டுக்கு ஊசி போட வந்த மிருக வைத்தியர் வினாயகமூர்த்தி கோழியைத் தூக்கிப் பார்த்தார்.

"கோழிக்கு இடப்பக்கச் சூலகம் ஒண்டுதான் வேலை செய்யும். அது பழுதானா பெண் ஹோர்மோன் குறைஞ்சிரும். கொண்டை வரும், கூவும், அதிகாரம் பண்ணும். உங்கட மனிசனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அம்மா."

அவள் பாதியைத்தான் நம்பினாள். ஆனாலும் அறுக்கவில்லை. அறுத்தும் அவன் வராவிட்டால், மறுகா செய்வதற்கு ஒன்றுமே மிச்சமிருக்காதே என்ற பயம். "பெட்டை கூவிப் பொழுது விடியப்போகுதாக்கும்" என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், ஊருக்கென்ன!

பதினாலாம் மாசம் கோணாமலை படலையைத் திறந்துகொண்டு வந்து தண்ணீர் கேட்டான். இலட்சுமிப்பிள்ளை நாலு வளவுக்குக் கேட்கச் சிரித்தாள். சீதேவிப்பிள்ளை அன்று வெளியில் வரவேயில்லை.

அடுத்த நாள் விடியப் பெட்டை கூவியது. கோணாமலை பாயிலிருந்து துள்ளி எழும்பி, கையிரண்டையும் பின்னால் கட்டி, சுவரைப் பார்த்து நின்றான். முகாமில் சேவல் கூவினதும்தான் பேர் கூப்பிடுவார்களாம்.

"இஞ்ச பாருங்க, அது நம்மட பெட்டை."

அவன் திரும்பவில்லை. வெயில் ஏறும்வரை நின்றான். மறுநாளும் நின்றான்.

மூன்றாம் நாள் அவளே கோழியை அறுத்தாள். அறுக்கும்போது ஏங்கி ஏங்கி அழுதாள். வயிற்றைப் பிளந்தால், இடப்பக்கத்தில் கறுத்துச் சுருங்கின சின்னக் கட்டி. வைத்தியர் சொன்னது சரிதான். கறி நல்ல காரம், கோணாமலை இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றான்.

அடுத்த நாள் விடிய ஊரில் ஒரு கூவலும் இல்லை. கோணாமலை அதே நேரத்துக்கு எழும்பி, சுவரைப் பார்த்து நின்றான்.