மூன்றாம் நாள் வரும் டீச்சரம்மா

எங்கள் வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். பல்லிக்குப் பயம், அத்தாவின் செருப்புச் சத்தத்துக்குப் பயம். ஆனால் எட்டாம் வகுப்பில் ஆளான அன்று பயந்தது போல் அதற்கு முன் பயந்ததில்லை. அக்கா ஆளான மறுநாளே அவள் பள்ளிக்கூடப் பையில் அம்மா வெங்காயம் போட்டுவிட்டார். இப்போது என் பையில் மிளகாய் வற்றல்.

எங்கள் தலைமையாசிரியை வெள்ளைக்காரர். இளம் வயதில் கப்பலேறி வந்து, திண்டுக்கல்லில் ஓர் ஓட்டுக் கொட்டகையில் ஏழெட்டுப் பெண்பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் தொடங்கியவர். தன் ஊருக்குத் திரும்பவே இல்லை. ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்கே வந்துவிடுவார். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டு, பிள்ளையிடம் நேராகக் கேட்காமல் எழுந்திருக்க மாட்டார்.

நான் பள்ளிக்கூடம் போகாத மூன்றாம் நாளும் வந்தார். அத்தா தோல் மண்டியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். நானும் அக்காவும் உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்றோம். வரமாட்டாரோ என்று அதுவரை பயம், வந்துவிட்டாரே என்று இப்போது பயம்.

வயசுக்கு வந்த பிள்ளை தெருவில் நடந்தால் ஜமாத்தில் நாலு பேர் கேட்பார்கள் என்று அத்தா மரியாதையாகத்தான் சொன்னார். திரை போட்ட குதிரை வண்டியில் தானே வந்து கூட்டிப்போவதாக டீச்சரம்மா சொன்னார். அத்தா தாடியைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"அவ வாயால சொல்லட்டும்" என்றார். எனக்கு வாய் வராது என்று அவருக்குத் தெரியும்.

டீச்சரம்மா திரையைப் பார்த்து, எங்கள் ஊர்த் தமிழிலேயே கேட்டார்: "படிக்க வாரியாம்மா?"

நான் திரைத் துணியைப் பிடித்துத் திருகினேன். இரண்டு வருஷத்துக்கு முன் அக்காவிடமும் இதையேதான் கேட்டார். அக்காவும் இப்படித்தான் ஊமையாக நின்றாள். அத்தா எழுந்திருக்கப் போனார்.

"வாரேன்" என்று குரல் கேட்டது. சொன்னது நானல்ல, அக்கா.

எங்கள் இருவர் குரலும் ஒன்று போல இருக்கும். நான்தான் பேசினேன் என்று நினைத்து அத்தா தலையாட்டிவிட்டார். இருவருக்கும் பாடம் நடத்திய டீச்சரம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? செத்த நேரம் திரையையே பார்த்துவிட்டு, காலையில் வண்டியோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

சொன்னபடி வந்தார். அக்கா வற்றலைக் கொட்டி, பையை உதறி என்னிடம் தந்தாள். வழியெல்லாம் தும்மினேன்.

பிறகு நானும் டீச்சராகி ஓய்வும் பெற்றுவிட்டேன். அன்று எனக்காகச் சொன்னாயா, உனக்காகச் சொன்னாயா என்று அக்காவிடம் கேட்க நினைப்பேன். இன்னும் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது.