கேட்டைத் தாண்டாத தண்ணீர்

சேரப்பணஞ்சேரி செந்தாமரை வெளியிடத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. கல்யாணப் பந்தியில் வைக்கும் சின்ன பாட்டிலின் மூடியைத் திருகும்போது 'டிக்' என்று சத்தம் வராவிட்டால், அதைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவார். பக்கத்து இலைக்காரர் அதைக் குடித்துவிட்டு, சாம்பார் முடிந்து ரசத்துக்கு வந்து, இன்னொரு அப்பளம் கேட்டாலும் செந்தாமரையின் மனசு மாறாது. "இப்ப ஒண்ணும் தெரியாது. வூட்டுக்குப் போனப்புறம்தான் தெரியும்" என்பார்.

கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார். ரேஷன் கடையில் தராசு முள்ளைப் பார்ப்பதைவிட, எடை போடுகிறவரின் முழங்கையைப் பார்ப்பார். கணவர் மாரி படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் வீட்டுக்கு வந்ததும் சட்டையை மோந்து பார்ப்பது தினசரி வழிபாடு. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து மோந்துகினு கீறா. ஒருநாள்கூட ஒண்ணும் கெடைக்கல. அதான் அவளுக்கு சந்தேகமே" என்று மாரி பயணிகளிடம் சொல்லுவார்.

இப்படிப்பட்டவருக்கு, எல்லாரையும் சந்தேகப்படுவதற்கென்றே சுவர் எழுப்பிய ஓர் இடத்தில் வேலை கிடைத்ததைப் பொருத்தம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரகடத்தில் கார் செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள் என்பது ஊரறிந்தது. அவற்றுக்குப் பின்னால், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ஒரு சாலையின் முடிவில், பாசி செய்கிறார்கள். பிளாஸ்டிக் கூரை போட்ட நீளமான கொட்டகைகள். அவற்றுக்குள் இடுப்பளவுகூட ஆழமில்லாத நீண்ட தொட்டிகள். ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க, பச்சைத் தண்ணீர் நாள் முழுக்கத் தொட்டியை வலம் வரும். மொட்டைமாடி டேங்கில் இது வந்தால் பிளீச்சிங் பவுடர் வாங்க ஓடுகிறோம். இங்கே இதற்கு ஏ.சி. போட்ட லேப், உர டப்பா, டாக்டர் பட்டம் வாங்கிய மேடம் எல்லாம் உண்டு.

ஏனென்றால் இது சாதாரணப் பாசி இல்லை. கடலில் இருக்கும் வேறோர் உயிரின் மரபணுவை எடுத்து இதற்குள் வைத்திருக்கிறார்கள். அதனால் இது எண்ணெய் சுரக்கும். மீன் எண்ணெய் மாத்திரையில் இருக்கிற அதே சத்து, மீன் இல்லாமல். சனிக்கிழமையும் கிருத்திகையும் பார்க்கிறவர்கள்கூட மனசாட்சி உறுத்தாமல் மீனின் பலனை அடையலாம் என்பது கம்பெனியின் கனவு.

மரபணு மாற்றிய உயிர் வெளியே போய்விடக்கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. போட்டிக் கம்பெனிக்குப் போய்விடக்கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். இரண்டையும் சேர்த்து மேனேஜர் பிரசன்னா ஒரு பெரிய போர்டு எழுதி, கீழே தன் கையெழுத்தையும் போட்டு, கேட்டுக்கு உள்பக்கம் மாட்டினார்: 'எந்தத் திரவமும் இந்த கேட்டைத் தாண்டி வெளியே செல்லக்கூடாது.' வெளியே போகிறவர்கள் பூட்ஸை பிளீச்சிங் தண்ணீரில் நனைக்க வேண்டும். தலைமுடியை உதற வேண்டும். தண்ணீர் பாட்டிலை செக்யூரிட்டி முன்னால் தலைகீழாகப் பிடித்துக் காட்ட வேண்டும். உள்ளே வருவதற்கு அட்டையைக் காட்டினால் போதும்.

செந்தாமரை அங்கே தொட்டி துடைக்கிறவர். ஓரத்தில் காய்ந்து ஒட்டும் பாசியைச் சுரண்ட வேண்டும், வலையை அலச வேண்டும். கான்ட்ராக்ட் வேலை. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் அவர் புதிதாகச் சேர்ந்தவர் ஆகிவிடுவார். சுரண்டியைப் பிடிக்கத் தெரியுமா என்று புது ஆள் கேட்பார்; இவரும் தெரியும் என்பார். கம்பெனி பஸ்ஸில் சீட் பெர்மனென்ட் ஆட்களுக்கு. கான்ட்ராக்ட் என்றால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் சிலரை பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள், லிஸ்ட்டில் செந்தாமரை பெயரும் இருக்கிறது என்று சூப்பர்வைசர் சொன்னபோது, அவர் முதலில் கேட்டது "எதுக்கு?" என்பதுதான். ஆனால் அன்றிலிருந்து பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் சீட்டை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்.

கம்பெனியில் ஆர்.ஓ. தண்ணீர் உண்டு. எல்லாரும் அதைத்தான் பிடித்துக் குடிக்கவேண்டும் என்று சொன்னார்கள். செந்தாமரை ஒருநாள் குடித்துப் பார்த்துவிட்டு, இதில் ருசியே இல்லை, எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். அன்று முதல் வீட்டுத் தண்ணீர்தான். கலர் குடித்துத் தீர்ந்த பெரிய பாட்டில்; மாரியின் பழைய காக்கிச் சட்டைக் கையை வெட்டித் தைத்த உறை. வீட்டு டேங்கின் மூடி ஒரு புயலில் பறந்து, யார் வீட்டு மாடியில் விழுந்ததோ, இன்றுவரை சந்தேகத்தில் இருக்கிறது. அதனால் பாட்டிலின் அடியில் பச்சையாக ஒரு வளையம். உப்பும் அரிசியும் போட்டுக் குலுக்கினால் போகும். நாலு நாளில் திரும்பி வரும். அவரைப் பார்த்து மற்றப் பெண்களும் வீட்டிலிருந்து கொண்டுவர ஆரம்பித்தார்கள். சந்தேகம் என்ன, ஒருவரிடம் மட்டும் இருக்கிற சரக்கா?

இந்த நிலையில்தான் எண்ணெய் குறைய ஆரம்பித்தது. பாசிக்கு ஒரு குறையும் இல்லை. முன்பைவிடத் தளதளவென்று வளர்ந்தது. பிழிந்தால் எண்ணெய் மட்டும் வரவில்லை. பிரசன்னா யோசித்தார். உரத்தை மாற்றினார், பிறகு உரம் போடுகிற ஆளை மாற்றினார். கடைசியில் யாரோ நல்ல பாசியை வெளியே கடத்துகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். குன்றத்தூரில் ஒருவர் மொட்டைமாடியில் வளர்ப்பதாக ஒரு பேச்சு வந்தது. கேமரா கூடியது. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஜெபதாஸ் என்ற புது செக்யூரிட்டி ஒரு டார்ச் லைட்டோடு வந்து சேர்ந்தார்.

ஒரு சாயங்காலம் செந்தாமரை பஸ் கிளம்புகிற ஹாரன் கேட்டு ஓடி வந்தார். ஓட்டத்தில் பாட்டிலைக் காலி செய்ய மறந்துவிட்டார்.

"அக்கா, உறையக் கழத்துங்க" என்றார் ஜெபதாஸ்.

"எதுக்கு? அதுக்கு வெக்கமா இருக்கும்."

ஜெபதாஸ் சிரிக்கவில்லை. உறையை உருவி, டார்ச் அடித்துப் பார்த்தார். "என்னக்கா, பச்சையா கெடக்கு?"

"பாசி."

"அதத்தான நானும் கேக்கேன்."

"எங்கூட்டுப் பாசி தம்பி. டேங்குல மூடி இல்ல."

"பிடிபட்டா எல்லாரும் வீட்டுப் பாசின்னுதான் சொல்லுவாவ."

"இதுக்கு முன்ன எத்தினி பேர புடிச்சிக்கீற?"

"நீங்கதாங்க்கா மொத ஆளு" என்றார் ஜெபதாஸ், கொஞ்சம் பெருமையாக.

பஸ் போய்விட்டது. பிரசன்னாவின் மேஜை மேல் பாட்டிலை ஒரு டிஷ்யூ பேப்பர் விரித்து நிற்க வைத்தார்கள். லேப் மேடம் கிரேசி கையுறை போட்டுக்கொண்டு வந்தார். வெயிலில் கிடந்த கலர் பாட்டிலுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து செந்தாமரை பார்த்ததில்லை.

"யாருக்கும்மா கொண்டு போறீங்க?" என்றார் பிரசன்னா.

"எனக்குத்தான் சார். குடிக்கறதுக்கு."

"பாசியவா?"

"தண்ணிய சார். பாசி அதுவா வந்து குந்திகிச்சி."

"இங்க ஆர்.ஓ. வாட்டர் இருக்கு. அத ஏன் குடிக்கல?"

செந்தாமரைக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை; பிறர் பொய்யைக் கண்டுபிடிப்பதற்கே நேரம் சரியாக இருந்தது. "பாசிக்குள்ளயே எதையோ வெச்சவங்க, தண்ணில வெக்க மாட்டீங்கன்னு இன்னா நிச்சயம் சார்?"

பிரசன்னா பாட்டிலின் மூடியை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். கிரேசி மேடம் ஜன்னலைப் பார்த்தார்.

டெஸ்ட் முடிவு வரும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். கான்ட்ராக்டர் போன் செய்து, லிஸ்ட்டில் பெயரை அடித்துவிட்டார்கள், பாட்டிலில் இருப்பது கம்பெனிப் பாசி என்று வந்தால் போலீஸில் கேஸ் கொடுப்பார்களாம் என்று சொல்லி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்தார். அன்று மாரி வீட்டுக்கு வந்து, கொடியில் கிடந்த செந்தாமரையின் யூனிஃபார்மை எடுத்து லேசாக மோந்து பார்த்தார்.

"இன்னா பாக்கற?"

"ஒண்ணுமில்ல. நீ எடுத்தியா?"

"நீயே கேக்கறியா?"

"சும்மா கேட்டேன்டி."

"நானும் இத்தினி வருசமா சும்மாதான் கேட்டுகினு கீறேன்" என்றார் செந்தாமரை. யூனிஃபார்மைப் பிடுங்கித் திரும்பக் கொடியில் போட்டார்.

அங்கே கிரேசி மேடம் பாட்டில் பாசியை டெஸ்ட் செய்தார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று கேட்டுக்குப் பக்கத்துத் தொட்டியிலிருந்தும் கொஞ்சம் மொண்டு வந்து டெஸ்ட் செய்தார். அதுவரை தொட்டியில் அந்த டெஸ்ட்டை யாரும் செய்ததில்லை. லேப்பில் குளுகுளுவென்று இருக்கும் தாய்ப் பாசியைத்தான் வாராவாரம் பார்ப்பார்கள். தாய் நன்றாக இருந்தால் பிள்ளைகளும் ஒழுங்காகத்தான் இருக்கும் என்று நம்பிக்கை.

பாட்டில் பாசியில் கம்பெனி வைத்த மரபணு இல்லை. செந்தாமரை திருடவில்லை. தொட்டிப் பாசியிலும் அந்த மரபணு இல்லை.

மேடம் திரும்பச் செய்தார். வெளி லேபுக்கு அனுப்பினார். பிறகு எல்லாத் தொட்டியையும் பார்த்தார். கேட்டுக்குப் பக்கத்தில் துளியும் இல்லை. உள்ளே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சம். கடைசிக் கொட்டகையின் கடைசித் தொட்டியில் மட்டும் பாதிக்குப் பாதி இருந்தது. எண்ணெய் சுரக்கிற பாசி அதிலேயே களைத்துப்போய் மெதுவாக வளரும். எண்ணெய் சுரக்காத ஊர்ப் பாசிக்குச் சாப்பிடுவதும் பெருகுவதும் மட்டும்தான் வேலை. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் எது மிஞ்சும் என்பதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை. எந்த ஆபீஸிலும் பார்க்கலாம்.

செந்தாமரையை மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை அறைக் கதவைச் சாத்தினார்கள்.

"உண்மையச் சொல்லுங்க. உள்ள என்ன கொண்டு வந்தீங்க?" என்றார் பிரசன்னா.

"இன்னா சார் இது. அன்னிக்கி வெளிய இன்னா எடுத்துனு போறன்னு கேட்டீங்க. இன்னிக்கி உள்ள இன்னா எடுத்துனு வந்தன்னு கேக்கறீங்க. ஏதாவது ஒண்ணுக்கு திட்டுங்க."

கிரேசி மேடம்தான் மெதுவாகக் கேட்டார். "அக்கா, கொண்டு வர தண்ணிய ஃபுல்லா குடிச்சிடுவீங்களா?"

"மிஞ்சும் மேடம்."

"மிஞ்சுறத என்ன பண்ணுவீங்க?"

"வெளிய எடுத்துனு போவக்கூடாதுன்னு போர்டு கீதே. தரையில ஊத்துனா வழுக்குதுன்னு சேஃப்டி ஆபீசரு கத்தறாரு. கேட்டாண்ட கீற தொட்டியில ஊத்திட்டு பஸ் ஏறுவேன்."

"நீங்க மட்டுமா?"

"எல்லாரும்தான். அவசரம் இல்லாதவங்க அவங்கவங்க தொட்டிலயே ஊத்திடுவாங்க."

மேடம் பிரசன்னாவைப் பார்த்தார். பிரசன்னா ஜன்னல் வழியாக போர்டைப் பார்த்தார். தன் கையெழுத்து அங்கிருந்தே தெரியும் அளவுக்குப் பெரிதாக இருந்தது.

ஆக, சேரப்பணஞ்சேரிப் பாசி சேரப்பணஞ்சேரிக்குத் திரும்பிப் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை நாளும் பூட்ஸை நனைத்தார்கள், முடியை உதறினார்கள், கேமரா வைத்தார்கள், ஜெபதாஸை வரவழைத்தார்கள்.

செந்தாமரையை வேலையைவிட்டு நிறுத்த ஒரு காரணம் எழுத வேண்டும். காரணத்தை எழுதினால் முதலாளி படிப்பார், பணம் போட்டவர்கள் படிப்பார்கள், அனுமதி கொடுத்த அதிகாரிகளும் படிப்பார்கள். எனவே எல்லாத் தொட்டியையும் காலி செய்து, கழுவி, தாய்ப் பாசியிலிருந்து புதிதாக ஆரம்பித்தார்கள். ரிப்போர்ட்டில் அதற்கு 'வருடாந்திரப் பராமரிப்பு' என்று பெயர். பராமரிப்பில் தொட்டி தேய்த்தவர் செந்தாமரைதான். ஆயுத பூஜைக்கு முதல் நாள், பொரியும் சுண்டலும் வாழைப்பழமும் இருந்த கவரோடு பெர்மனென்ட் ஆர்டரும் அவர் கையில் வந்தது.

அவர் பொரியை எடுத்துக்கொண்டார். ஆர்டரை வெளிச்சத்தில் தூக்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"எதுக்கு சார் குடுக்கறீங்க?"

"உங்க உழைப்புக்குதான்மா" என்றார் பிரசன்னா.

அதுவரை இருந்த சந்தேகம் அப்போது உறுதியானது. வேறு எதையாவது சொல்லியிருந்தால் அப்போதே கையெழுத்துப் போட்டிருப்பார். கம்பெனி விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்று ஆர்டரின் கீழ்ப்பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஆர்டரை வீட்டுக்கு எடுத்துப் போய் மாரியிடம் படிக்கச் சொன்னார். மாரி அந்த வரிக்கு வருவதற்கு முன்பே படப்பையில் ஆட்டோ ஏறிய எல்லாருக்கும் கதையைச் சொல்லி முடித்திருந்தார். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் செந்தாமரை நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அவருக்கு டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட். கேட்டில் போர்டு மாறிவிட்டது: 'எந்தத் திரவமும் உள்ளே வரக்கூடாது.' ஜெபதாஸ் வாசலுக்கு வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறார். கேட்டைத் தாண்டியதும் ஒவ்வொருவருக்கும் கம்பெனி பெயர் பொறித்த ஸ்டீல் பாட்டில், ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பியே கொடுக்கப்படுகிறது. செந்தாமரை அதை மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குரோட்டன்ஸ் செடிக்குத் தினமும் முழுசாக ஊற்றிவிட்டு, வெறும் பாட்டிலோடு உள்ளே போகிறார்.

"என்னக்கா, செடி நல்லாத்தான இருக்கு. இனியாவது குடிக்க வேண்டியதுதான?" என்றார் ஜெபதாஸ் அன்றைக்கு.

செந்தாமரை குனிந்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். "முன்ன இவ்ளோ பச்சையா இல்லியே தம்பி."