தூசி துடைத்த வானம்

"அப்பா, வானம் ஃபுல்லா டஸ்ட். ஏக்தம் க்ளீன் பண்ணிட்டேன், வந்து பாரு" என்றாள் என் மகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வீட்டில் ஒரு மேசையைத் துடைத்துப் பழக்கமில்லாதவள். ஆனால் துடைப்பதுதான் அவளுக்கு உத்தியோகம். விளம்பரக் கம்பெனி ஒன்றில் உட்கார்ந்து, படங்களில் இருக்கும் முகப்பருவையும் சுருக்கத்தையும் நாள் முழுக்க அழித்துக்கொண்டிருக்கிறாள். அன்று அவள் லேப்டாப் திரையில் ஒரு பிணந்தின்னிக் கழுகு சிறகை அகல விரித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் மாசுமறுவில்லாத நீலம். டில்லிக்கு மேல் அப்படியொரு நீலத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இத்தனை வருஷம் இங்கே இருமிக்கொண்டிருக்கும் நானும்தான்.

அது அண்ணாச்சியின் ஸ்லைடு. அட்டைச் சட்டத்துக்குள் தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய ஃபிலிம் துண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். அவர் ஸ்லைடுகளைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. அந்த வாசனை வந்தால் எனக்கு சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்துவிடும். அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், ஆபீசில் எனக்கு அடுத்த நாற்காலி. அவருடைய காமிரா, அவர் மனைவியின், அதாவது எங்கள் மதினியின், பட்டுப்புடவைகளுக்கு நடுவே பீரோவில் வாசம் செய்தது. ஆகவே கழுகைப் பற்றி நினைத்தாலே எனக்கு அந்துருண்டை மணக்கும். கழுகுக்கு உண்டான உண்மையான மணத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

அந்த உண்மையான மணத்தைத் தேடித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய ஸ்கூட்டரில் யமுனைக்கு அக்கரை போவோம். செத்த மாடுகளைத் தோலுரித்துப் போடும் இடம் ஒன்று அங்கே இருந்தது. கழுகுகள் தின்றுவிட்டு, கனத்த ஆசாமி ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொள்வதுபோல நாலடி தத்தித்தத்தி ஓடி, ஒருவழியாக எழும்பும். எழும்பிவிட்டால் சிறகை அசைக்காது. வெயில் ஏற ஏற ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, கண்ணுக்குப் புள்ளியாகும்வரை போகும். நானும் ஓர் இரவல் காமிராவோடு துரத்தினேன். என் ஆல்பத்தில் வால்கள்தான் இருக்கின்றன. சில பக்கங்களில் வாலும் இல்லை, ஆகாயம் மட்டும்.

"என்னவே, உம்ம மூஞ்சியப் பாத்ததும் எல்லாம் திரும்பிப் போயிருதா?" என்பார் அண்ணாச்சி.

அவர் எதையும் இரண்டு தடவை எடுப்பார். ஸ்லைடு ஃபிலிம் விற்ற விலையில் அது மதினிக்குத் தீராத எரிச்சல். "ஒரு கழுகுக்கு ரெண்டு படமா? அதுக்கு என்ன கல்யாணமா?" "லேப்காரன் ஒண்ணக் கீறிட்டாம்னா என்ன செய்வ? கழுகக் கூப்புட்டு மறுபடி பறக்கச் சொல்லுவியா?" என்பார் அண்ணாச்சி. இந்த வாக்குவாதத்துக்கு இடையில்தான் எனக்கு உளுந்தஞ்சோறு பரிமாறப்படும்.

அண்ணாச்சி இந்தக் குளிர்காலத்தில் போய்விட்டார். மதினி மயூர் விஹார் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு பூனாவில் இருக்கப்போவதாகச் சொன்னார். பூனா வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னார். அண்ணாச்சியின் படத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"அவரு மூஞ்சி எனக்கு மறக்காது தம்பி. அவரு பாத்தது மறந்துரும்" என்று இந்த ஸ்லைடை எடுத்துக் கொடுத்தார்.

அச்சிட்ட படத்தோடு நானும் மகளும் போனோம். மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது இருக்கு. மத்ததுங்க எங்க?"

"எதுங்க ஆன்ட்டி?"

"மேல கூட்டமா சுத்திக்கிட்டு இருந்துச்சே. அதுக்காகத்தானம்மா இந்தப் படத்தையே எடுத்தாரு."

மகள் என்னைப் பார்த்தாள். அவள் துடைத்தது தூசியை மட்டும் இல்லை.

அவளுடைய லேப்டாப்பில் துடைக்காத படத்தைத் திறந்தோம். முப்பது வருஷத் தூசியும் பூஞ்சையும் கழுகுகளும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், வானம் முழுக்க. எது எதுவென்று பிரித்தால்தான் மதினிக்குப் படம். அந்தக் காலத்திலேயே உடன் போனவன் என்ற தகுதியில் நான் ஒரு புள்ளியைத் தொட்டு, "இது கழுகு. சிறகு நல்லாத் தெரியுது" என்றேன். மகள் ஸ்லைடைக் கையிலெடுத்து அந்த இடத்தில் மெல்ல ஊதினாள். கழுகு பறந்து போய்விட்டது.

மதினிதான் சட்டென்று நிமிர்ந்தார். "எல்லாத்தையும் ரெண்டு எடுப்பாருல்லா! அதோட ஜோடி டப்பாக்குள்ளதான் கெடக்கும்."

கிடந்தது. ஒரே காட்சி, ஒரு நொடி தள்ளி. வீட்டுக்கு எடுத்துப்போய் ஸ்கேன் செய்து, மறுநாள் மாலை மூவரும் திரைமுன் உட்கார்ந்தோம். ஒன்றின்மேல் விழுந்த தூசி மற்றதில் அதே இடத்தில் இருக்க முடியாது. இரண்டிலும் இருந்து, கொஞ்சம் நகர்ந்தும் இருந்தால் அது கழுகு. மகள் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டே வந்தாள். வெறுமையாக இருந்த நீலம் அடுக்கடுக்காக நிறைந்தது.

கடைசியில் ஒரு புள்ளி மிஞ்சியது. "இது முதல் ஸ்லைடுல மட்டும்தான் இருக்கு ஆன்ட்டி. டஸ்ட்தான். எடுத்துடவா?"

"அது எறங்கிப் போயிருக்கும். விட்டுரும்மா."

மகள், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு தூசியை அதன் இடத்தில் விட்டாள்.

மாட்டுக்கு வலி தெரியாமலிருக்கப் போட்ட ஊசிமருந்து, செத்த மாட்டின் வழியாகக் கழுகுகளைக் கொன்றது என்பதெல்லாம் பின்னால் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது நான் பார்த்ததெல்லாம், ஒவ்வொரு ஞாயிறும் அண்ணாச்சி வானத்தில் கழுகைத் தேடிவிட்டுக் காமிராவை முகத்திலிருந்து இறக்க எடுத்துக்கொண்ட நேரம் நீண்டதுதான். ஒரு ஞாயிறு அவர் ஸ்கூட்டரை எடுக்கவில்லை.

மதினி பூனா போய்விட்டார். ஞாயிறானால் நான் எங்கள் மொட்டைமாடிக்குப் போகிறேன். காஜிபூர் குப்பை மலைக்கு மேல் பருந்துகள் வட்டமிடுகின்றன, குறையொன்றும் இல்லை. அவற்றுக்கும் மேலே, மிக உயரத்தில், எப்போதாவது ஒரு கரும்புள்ளி தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்ப்பேன்.

இருக்காது.