பல் பதிந்த நாடாக்கள்

இடது உள்ளங்கையில் கூடு, வலது கையில் கூர்முனை இடுக்கி. புல்லுக்குள் ஓடிய நீல நாடாவை விரல்கள் மெல்ல இழுத்தன. பிளாஸ்டிக் சாக்கிலிருந்து பிரிந்த நாடா அது.

அவள் அருங்காட்சியகத்தில் கூடுகளைச் சுத்தம் செய்பவள். அதற்கு முன் தையல்காரி. பறவை விட்டுப்போன கூட்டைத் தோட்டக்காரர் எடுத்து வருவார். அதிலுள்ள பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காய்ந்த புல்லைச் செருகுவாள். இழுத்தும் வராததை, வெட்டிய விளிம்பில் பல் பல்லாகத் தடம் விடும் தையல்கடைப் பல் கத்தரியால் நறுக்கிவிடுவாள். பதினோரு வருடமாகக் கண்ணாடிப் பெட்டிகளில் இருப்பவையெல்லாம் நேரே காட்டிலிருந்து வந்த கூடுகள் போலவே இருக்கும்.

மதியம் புதுக் கூடம் திறக்கிறார்கள். "இந்தக் கூடு சுத்தமா வரலைன்னா, இந்த வேலைக்கு ஆளே வேண்டாம்னு மேல எழுதிடுவேன்" என்று அதிகாரி காலையிலேயே சொல்லிவிட்டார்.

நாடா வெளியே வந்தது. கூட்டின் ஒரு பக்கம் பொலபொலவென்று சரிந்தது.

"என்னக்கா, குடியிருந்த வீட்டை இடிக்கிறீங்க? குருவி கேஸ் போட்டுடப் போகுது!" ஜன்னலுக்கு வெளியே தோட்டக்காரர் சிரித்தார்.

"இதுல புல்லு பேருக்குத்தான் இருக்கு தம்பி. எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"நம்ம பின்சுவர்லதான். உங்க குப்பைக்கூடைக்கு நேர் மேல."

நாடாவின் நுனியை வெளிச்சத்தில் பிடித்தாள். பொடிப்பொடியாகப் பற்கள். அடுத்த நாடாவைப் பார்த்தாள், அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் அவள் கத்தரியின் பல். மற்ற கூடுகளிலிருந்து நறுக்கி அவள் கூடையில் போட்டதையெல்லாம் ஏதோ ஒரு பறவை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறது.

முட்டைக் குழிக்குள் இடுக்கியை விட்டாள். குச்சி மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. குஞ்சின் காய்ந்த கால். அதைச் சுற்றி, பல் பதிந்த நாடா இரண்டு சுற்று.

இடுக்கியை மெல்ல வெளியே எடுத்தாள். பிறகு, இழுத்த நாடாவை எடுத்து, வந்த வழியிலேயே திரும்பச் செருகினாள். சரிந்த பக்கம் நிமிர்ந்து நின்றது.

மதியம் கூட்டைப் புதுக் கூடத்துக்கு எடுத்துப் போனாள். "என்னம்மா இது, குப்பையோட கொண்டு வந்திருக்கே?" என்றார் அதிகாரி.

"கூடே இதுதான் சார். எடுத்தா ஒண்ணும் மிஞ்சாது."

"வேலை போயிடும். தெரியும்ல?"

"தெரியும் சார். உள்ளே ஒரு குஞ்சோட கால் இருக்கு. அதைச் சுத்தியிருக்கிறது நான் வெட்டிப் போட்டது."

இரண்டு கையாலும் நீட்டினாள். உதிர்ந்துவிடுமோ என்று பயந்து, அவரும் இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினார்.